கழுவாத கை

கைப்பேசியை ஒப்படைக்க நீட்டிய நேரத்தில்தான் அது பிரகதாவின் உள்ளங்கையில் ஒருமுறை அதிர்ந்தது. தேர்வுப் பிரிவு கிளார்க் அட்டைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "அணைச்சுட்டுக் குடுங்க மேடம்" என்றார். அணைப்பதற்குள் கண் தானாக ஓடிப் படித்துவிட்டது. 'அக்கா, ராத்திரியும் நிண்டு போச்சு. காலமை கொரியர்காரன் வருவான். குடுத்துத்தான் ஆகவேணும்.' அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது. கிளார்க் அதை வாங்கி மற்றவற்றின் மேல் குப்புறப் போட்டார். இனித் தேர்வு முடிந்து மணி அடிக்கும்வரை அவளிடம் பேச ஆளில்லை, எழுதத் தாளில்லை, முப்பது பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நடக்க இரண்டு கால்கள் மட்டும்தான்.

நின்றுபோனது ஒரு போர்டு. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து ஏந்தினால் அதில் உட்கார்ந்துவிடும் அளவுள்ள பச்சைப் பலகை. அது நார்வேயில், ஓஸ்லோவில், குகநேசன் என்கிற யாழ்ப்பாணத்துக்காரனின் சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. அதன் நடுவில் ஒட்டியிருக்கும் சிப் உலகத்துக்கே புதிது. இன்னும் கடைக்கு வரவில்லை. அதைச் செய்த சிறு நிறுவனம் இரவலாகக் கொடுத்து வைத்திருந்தது, இப்போது திருப்பிக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பொதுக் கிணறு மாதிரித் திறந்து கிடக்கிற ஒரு இயங்குதளத்தை அந்தப் புதுச் சிப்பில் ஓடவைக்கும் வேலையைத்தான் அவளும் குகனும் செய்துகொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது, யாரும் சொல்லிச் செய்வதும் கிடையாது. அந்தச் சிப்புக்கு நிறுவனம் வைத்த பெயர் வாயில் நுழையாது என்பதால் இருவரும் அதைப் 'புதுசு' என்றே சொல்லிக்கொண்டார்கள். புதுசு எழுந்துகொள்ளும், ஓடும், நன்றாகவே ஓடும், பிறகு எந்தக் காரணமும் சொல்லாமல் நின்றுவிடும். சில நாள் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள், சில நாள் பாதிப் பகல் கழித்து. அது ஏன் நிற்கிறது என்று தெரியாதவரை இயங்குதளக்காரர்கள் இவர்கள் எழுதியதை உள்ளே சேர்க்கமாட்டார்கள். இன்றைக்கு அந்தப் போர்டும் போய்விட்டால் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

பிரகதாம்பாள் என்ற முழுப்பெயர் அந்தப் பாலிடெக்னிக்கின் வருகைப்பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகிற சாலையில், தைலமரக் காட்டை வெட்டிய இடத்தில் நிற்கிற கட்டடம். ஜன்னலைத் திறந்தால் யாருக்கோ சளி பிடித்ததுபோல் எப்போதும் அந்த வாசனை வரும். அவள் வினாத்தாளைக் கொடுத்துக்கொண்டே போனாள். நுண்செயலிகள், இரண்டாம் ஆண்டு. முதல் கேள்வியே அந்தப் பழைய எட்டு பிட் சிப்பின் உள்ளமைப்பை வரைந்து விளக்கச் சொல்லியது. அவள் பிறப்பதற்கு முன்பே வந்த சிப். கட்டம் கட்டமாக வரைய ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்கேல் நழுவும் சத்தம், ரப்பர் தேய்க்கும் சத்தம், மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை டொக் என்று எதையோ தட்டும் சத்தம். பாவம், இந்தப் பழைய சிப்புக்கு ஒரே தலை. ஒரு நேரத்தில் ஒரு காரியம். அது எழுதினால் எழுதியது, படித்தால் படித்தது, நடுவில் யாரும் இல்லை. புதுசுக்கு நான்கு கோர்கள், நான்கு பேர் ஒரே வீட்டில் குடியிருப்பதுபோல, ஆளுக்கொரு அலமாரி, ஒருவர் செய்தது மற்றவருக்கு எப்போது தெரியும் என்று சொல்லமுடியாது. ராத்திரியும் நிண்டு போச்சு. அப்படியானால் முந்தாநாள் மாற்றி எழுதியதும் வீண். அவன் தூங்கியிருக்கமாட்டான். அந்த ஜன்னலோரத்தில், வெளிச்சம் சரியாக வராத அந்த ஊரில், சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, பச்சை விளக்கு கண்சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் முகம் அவளுக்குத் தெரியாது. மூன்று வருடமாகக் குரல் மட்டும். முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினான், மடலில் அவள் பெயரைப் பார்த்துவிட்டுக் கடைசி வரியில் நீங்கள் தமிழோ என்று கேட்டிருந்தான், அந்த ஓ-வில்தான் அவள் சிரித்தாள். அவனுக்கு என்ன வயதிருக்கும். அக்கா என்கிறான், எல்லாரையும் அப்படித்தான் சொல்வானோ.

"மேம், நூல்."

மூன்றாவது வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கியிருந்தான். அதற்குள் நூலா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு நடந்தாள். நடக்கும்போது செருப்பின் வார் ஒரு பக்கம் தளர்ந்திருப்பது தெரிந்தது, தைக்கக் கொடுக்கவேண்டும், கொடுக்கவேண்டும் என்று நினைத்தே ஒரு மழைக்காலம் போய்விட்டது. ரெங்கராஜ் பார்த்தால் சொல்லுவான், அங்க ஓஸ்லோவுல இருக்கிற போர்டுக்கு எந்தக் கால் வலிச்சாலும் உனக்குத் தெரியும், உன் செருப்பு அறுந்தது தெரியாது என்று. அவள் கணவன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, வாரத்தில் பாதி நாள் தஞ்சாவூர், காரைக்குடி என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன், கெட்டவன் இல்லை. ஒருநாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டான், "காசும் வராது, பேரும் வராது, யாரோ ஒருத்தன் யாருக்கோ விக்கப்போற சிப்பு. அப்புறம் எதுக்குப் பிரகதா?" திட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. "சும்மாதான்" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுச் சட்னியைத் தொட்டுக்கொண்டான். சும்மா. எத்தனை வேலைக்கு அந்த ஒரே சொல். ஆனால் அந்தப் புள்ளியை அவன் பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டான். புதுசு முதன்முதலாகப் பேசிய நாள். பேசியது என்றால் ஒன்றுமில்லை, கறுப்புத் திரையில் ஒரு புள்ளி வந்தது. ஒரே ஒரு புள்ளி. உயிரோடு இருந்தால் இதைப் போடு என்று இவர்கள் எழுதி வைத்திருந்தது. மாதக்கணக்கில் எதுவும் வராமல் இருந்த திரை. அவள் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், அழைப்பில் இருந்த குகன் மெதுவாக, யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல, "வந்திட்டுது அக்கா" என்றான். அதை எப்படிச் சொல்வது. இதற்கு முன்னால் உலகத்தில் இல்லாத ஒன்று கண்ணைத் திறந்து இவர்களைப் பார்த்தது. அதற்குக் காசு எதற்கு. மெஷினில் துணி சுற்றிக்கொண்டிருந்தது.

சாம்பார் தாளிக்கும் வாசனை வந்தது, ஹாஸ்டல் சமையலறையிலிருந்து. தைலமர வாசனையும் பெருங்காயமும் கலந்து விநோதமாக ஏதோ மருந்துபோல இருந்தது, ஆஸ்பத்திரிபோல. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நினைத்தாள், நினைத்த உடனே வந்துவிட்டது, வெள்ளை மேற்கூரை, டிரிப்ஸ் பாட்டில், ரத்தத்தில் அணுக்கள் குறைந்துவிட்டன என்று யாரோ யாரிடமோ சொல்வது. போன வருடத்துக்கு முந்தைய வருடம் டெங்கு. உடம்பு தேறிவிட்டது, தேறாத ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொற்கள் நழுவ ஆரம்பித்திருந்தன. குளிக்கும்போது சோப்பு நழுவுவதுபோல, இருக்கிறது, கையில்தான் இருக்கிறது, இறுக்கினால் எகிறிவிடும். ஒருநாள் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது 'கிளாக்' என்ற சொல் வரவில்லை. எல்லா மின்சுற்றுக்கும் அடிநாதம் அது, பதினைந்து வருடமாக அவள் வாயில் புழங்குகிற சொல். நின்றாள். சுவரில் தொங்கிய கடிகாரத்தைக் காட்டினாள். பிள்ளைகள் மணி சொல்கிறாள் என்று நினைத்துப் புத்தகத்தை மூடினார்கள். அன்று சிரித்துச் சமாளித்துவிட்டாள். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கிளாக், கிளாக் என்று சொல்லிக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு எது தோன்றினாலும் உடனே எழுதிவைக்கிற பழக்கம். பால் பாக்கெட்டில், பஸ் டிக்கெட்டில். எழுதாத ஒன்றை இரண்டு முறை தொலைத்திருக்கிறாள். ஒன்று ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. இன்னொன்று வரவேயில்லை. அது என்ன என்பதே தெரியாது, ஒன்று இருந்தது என்பது மட்டும் தெரியும், பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல மனம் அங்கே போய்ப் போய் வரும்.

கடைசி வரிசையில் ஒரு பெண் கன்னத்தில் கைவைத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாத கேள்வியாக இருக்கும், இல்லை தெரிந்ததை எழுதி முடித்திருப்பாள். வெளியே செம்மண் மேட்டில் ஆடுகள் வரிசையாக ஏறின. காரைக்குடிப் பக்கம் போகிற ரயில் எங்கோ தொலைவில் ஊதியது. மின்விசிறி டொக். லேப்டாப்பில் ஓடும்போது மட்டும் ஏன் நிற்பதில்லை. லேப்டாப்பில் இருப்பது நிஜச் சிப் இல்லை, புதுசைப் போல நடிக்கிற ஒரு நிரல்தான், நடிகனுக்கு ரத்த அழுத்தம் வராது, நிஜச் சிப்பில் இருக்கிற ஏதோ ஒன்று நடிப்பில் இல்லை, எது இல்லை, எது. டொக். நிஜச் சிப்பில் ஒவ்வொரு கோரும் தான் செய்யவேண்டிய கட்டளைகளின் நகல் ஒன்றைக் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் தொலைவில் போய்ப் படிக்கவேண்டாம் என்று. நடிப்பில் நகல் கிடையாது. அது தெரிந்ததுதான். சில நிரல்கள் ஓடிக்கொண்டே தங்களுக்குப் புதுக் கட்டளைகளை எழுதிக்கொள்ளும், அப்படி எழுதினால் பழைய நகலைக் கொட்டிவிடு என்று கோருக்குச் சொல்லவேண்டும், சொல்லியாயிற்று, அதையும் முதல் வருடமே எழுதியாயிற்று. எழுதிய கோர் கொட்டிவிடுகிறது. கொட்டிவிட்டுப் புதியதைப் படிக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண் இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் காதில் ஒரு தோடு மட்டும் வெயிலில் மின்னியது, இன்னொன்று நிழலில்.

நகர்ந்தால்?

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆட்டிலிருந்தும் இல்லை, தோட்டிலிருந்தும் இல்லை. ஒரே ஒரு சொல், யாரோ பின்னாலிருந்து சாதாரணமாகக் கேட்டதுபோல. எழுதி முடித்த அந்த நொடியில் நிரல் அந்தக் கோரிலிருந்து இன்னொரு கோருக்கு நகர்ந்தால்? நான்கு பேர் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், இயங்குதளம்தான் நிரல்களை இங்கிருந்து அங்கே மாற்றிக்கொண்டே இருக்கிறது. கொட்டியது பழைய கோர். புதுக் கோரிடம் யாரும் சொல்லவில்லை. அதன் கையில் பழைய நகல், அது செத்துப்போன கட்டளையை உயிருள்ளது என்று நம்பிச் செய்யும், பிறகு எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நிற்கும், எப்போதாவதுதான், நகர்வும் எழுத்தும் ஒன்றாகச் சேர்கிற அபூர்வமான நேரத்தில் மட்டும். அவள் நடப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் போய்விடும் என்று பயம். சேர்ந்தாற்போல மீதியும் வந்தது, எங்கே வைக்கவேண்டும் என்பது, மற்ற மூன்று கோர்களின் பெயரிலும் ஒரு குறி போட்டு வைக்கவேண்டும், நிரல் கைமாறும்போது குறியைப் பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு முதலில் குறியை அழிக்கவேண்டும், பிறகுதான் நகலைக் கொட்டவேண்டும், அந்த வரிசை மாறினால் எல்லாம் போயிற்று. முதலில் அழி, பிறகு கொட்டு. முதலில் கொட்டு, பிறகு... இல்லை. முதலில் அழி. சோப்பு. கையில் இருக்கிறது. இப்போதே ஓரம் வழுக்குகிறது. மேசையில் வருகைத்தாள், எண் போட்ட கூடுதல் தாள்கள், மிச்ச வினாத்தாள்கள், இந்த அறையில் இருக்கிற ஒவ்வொரு தாளுக்கும் கணக்கு உண்டு. பேனா இருந்தது. இடது கையை விரித்தாள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, மூச்சு விடாமல், உள்ளங்கையின் மேட்டில் தொடங்கி ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு எழுதினாள். நகர்ந்தால். குறி மூவருக்கும். கைமாறும் இடம். அழி, பிறகு கொட்டு. பேனா முனை தோலில் கூசியது.

எழுதி முடித்துத் திரும்பும்போது வாசலில் ஒருவர் நின்றிருந்தார். பறக்கும் படை. வேறு கல்லூரியிலிருந்து திடீர்ச் சோதனைக்கு அனுப்பப்படுகிறவர், மார்பில் தொங்கிய அட்டையில் சற்குணம் என்றிருந்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, ஓய்வு பெறப்போகிற வயது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. இரண்டு வரிசை நடந்து வந்து, பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, நேராக அவள் எதிரில் வந்தார்.

"மேடம், இடது கையைத் திறங்க."

பேனாக்கள் நின்றன. அவள் கை மூடியபடியே இருந்தது. போன ஏப்ரலில் இதே அறையில் ஒரு பெண்ணின் கையை அவள்தான் இப்படித் திறக்கச் சொன்னாள். அந்தக் கை வியர்த்திருந்தது, மை கரைந்து நீலமாக வழிந்தது, ஒரு எழுத்துகூடப் படிக்கமுடியவில்லை, ஆனால் எழுதியிருந்தது என்பது தெரிந்தது, அது போதும் என்று விதி சொன்னது. அந்தப் பெண் இப்போது பழைய பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு மொபைல் கடையில் இருக்கிறாள், போனமாதம் இவளைப் பார்த்து வாங்க மேம் என்றாள், நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னாள். பிரகதா கையைத் திறந்தாள்.

சற்குணம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து படித்தார். மேசையிலிருந்த வினாத்தாளை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

"இதுல எந்தக் கேள்விக்கும் இது பதில் இல்லையே."

"இல்ல சார்."

"அப்ப என்ன இது?"

"என் சொந்த வேலை சார். வேற ஒரு சிப்பு, புதுசு. அதுல ஒரு ஓபன் சோர்ஸ் இயங்குதளத்தை ஓடவைக்கிறோம். ஓடுது, ஆனா நின்னுடுது. ஏன் நிக்குதுன்னு தெரியாம இருந்துச்சு. இப்பத்தான் தெரிஞ்சுது."

"இப்பன்னா?"

"இங்க. நடந்துக்கிட்டு இருக்கும்போது."

அவர் வினாத்தாளை மேசையில் வைத்தார். கோபமாக இல்லை. "நான் சர்வீஸ்ல சேர்ந்ததுலேருந்து இந்தப் பழைய சிப்பைத்தான் நடத்திக்கிட்டு இருக்கேன்" என்றார் தணிந்த குரலில். "நீங்க சொல்றது பொய் இல்லைன்னு தெரியுது. ஆனா பிள்ளைங்க பாத்துட்டாங்க. ஒண்ணு பண்ணுங்க, வராண்டாக் குழாயில கழுவிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் நான் நிக்கிறேன். எதுவும் எழுதமாட்டேன்."

வராண்டாவில் வெயில் கம்பிகளாக விழுந்திருந்தது. குழாயைத் திறந்தாள். முதலில் சூடான தண்ணீர் வந்தது, வெயிலில் கிடந்த பைப். பிறகு குளிர்ந்தது. நல்ல மனிதர், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார், கழுவிட்டு வந்துடுங்க. கழுவலாம். ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு கழுவலாம். நகர்ந்தால். குறி மூவருக்கும். கைமாறும் இடம். முதலில் கொட்டு. இல்லை. கையைப் பார்த்தாள். அழி, பிறகு கொட்டு. ஆமாம். மறுபடி கண்ணை மூடிச் சொன்னாள், வந்தது, சரியாக வந்தது. இன்னும் முக்கால்வாசித் தேர்வு மிச்சம் இருக்கிறது, நூல் கேட்பார்கள், தாள் கேட்பார்கள், கையெழுத்துப் போடவேண்டும், எண் சரிபார்க்கவேண்டும், ஒவ்வொன்றும் ஒரு கை வந்து தட்டிவிட்டுப் போகும். கிளாக் போனதே. கிளாக்கே போனதே. அந்த இன்னொன்று, வரவேயில்லையே, அதுவும் இப்படித்தான் சரியாக வந்திருக்கும், ஒரு மத்தியானம், பால் பொங்குகிறது என்று யாரோ கூப்பிட்டிருப்பார்கள். தண்ணீர் விரல்நுனிக்கு ஒரு அங்குலம் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சாரல் மணிக்கட்டில் பட்டுச் சில்லென்றது. கழுவினால் ஒன்றும் ஆகாது. கழுவினால் சாயங்காலம் ரெங்கராஜுக்கு ஃபோன் செய்யலாம், பீர்க்கங்காய் வாங்கலாம், ஜூனில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். யாரும். யாரோ யாருக்கோ விக்கப்போற சிப்பு. அந்த ஊரில் இப்போது விடிந்திருக்கும். பச்சை விளக்கு. கண்ணைத் திறந்து பார்த்த அந்தப் புள்ளி. ஒரு எறும்பு குழாயின் திருகின்மேல் ஏறிச் சுற்றி வந்தது, போக இடமில்லாமல் மறுபடி சுற்றியது. எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று தோன்றியது. குழாயை மூடினாள்.

திரும்பி வந்தபோது சற்குணம் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"கழுவல சார்."

"ஏன்?"

"மறந்துடும்."

"மறந்தா என்ன மேடம். உக்காந்து யோசிச்சா திரும்ப வந்துட்டுப் போகுது."

"வராது சார்" என்றாள். "காய்ச்சல் வந்ததுலேருந்து எனக்கு வராது."

அதை முதன்முதலாக ஒரு மனிதரிடம் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரிப்போர்ட் எழுதினா உங்க மேனேஜ்மென்ட் சும்மா இருக்காது. நீங்க பர்மனென்ட்டா?"

"இல்ல சார்."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். நல்ல கையெழுத்து, நிதானமான எழுத்து. அறைக் கண்காணிப்பாளர் உள்ளங்கையில் குறிப்பு எழுதி வைத்திருந்தார், வினாத்தாளோடு தொடர்பில்லாதது, அழிக்கச் சொல்லியும் மறுத்தார். தொடர்பில்லாதது என்ற சொல்லின் கீழே கோடு போட்டார். அவரால் செய்யமுடிந்தது அவ்வளவுதான். அவள் வலது கையால் கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு தாளால் ஜூனில் அவள் வேலை போயிற்று. கழுவியிருக்கலாமே என்று பிற்பாடு ரெங்கராஜ் ஒரே ஒருமுறை கேட்டான். ஆனால் அதெல்லாம் பிறகு. அப்போது அவளுக்குப் பதிலாக வேறொரு ஆசிரியர் வந்தார், அவளை அறையை விட்டுப் போகச் சொன்னார்கள், கால்கள் லேசாக இருந்தன, விடுமுறை விட்ட பள்ளிக்கூடத்திலிருந்து போவதுபோல. கிளார்க் கைப்பேசியை எடுத்துக் கொடுத்து, "என்ன மேடம், அதுக்குள்ள?" என்றார்.

சைக்கிள் ஷெட்டில் நிழல் இருந்தது. முதல் மணியிலேயே குகன் எடுத்தான்.

"அக்கா, பெட்டியில வைக்கப்போறன். கொரியர்காரன் வெளிக்கிட்டிட்டான் எண்டு செய்தி வந்திட்டுது."

"வைக்காதீங்க குகன். நான் சொல்றதை எழுதுங்க."

படித்தாள். ஒரு சொல் வியர்வையில் கலங்கியிருந்தது, 'மூவருக்கும்', அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். குகன் எழுதிக்கொள்ளும் பேனாச் சத்தம் கேட்டது.

"எழுதின கோருக்கு மட்டும்தான் நாங்கள் சொன்னனாங்கள்" என்றான் கடைசியில்.

"ஆமா."

"மற்றதுகளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. மூண்டு வருஷமா." பிறகு, "பொறுங்கோ. வைக்காதேங்கோ ஃபோனை."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. நிறுத்தி நிறுத்தி, பிறகு மழைபோல. இடையில் கேட்டான், "அழிக்கிறது முதல்லையோ, கொட்டுறது முதல்லையோ?" அவள் கையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ஒன்றும் நடக்காத ஒரு நேரம். அவன் எழுதியதை இயந்திரம் தொகுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு கெட்டில் முனகி முனகிக் கொதித்தது, ஏதோ கடற்பறவை கத்தியது, ஓஸ்லோவில் கடல் இருக்கிறதா, கேட்டதேயில்லை. இந்தப் பக்கம் ஒரு சைக்கிளின் பெடல் காற்றில் மெல்லச் சுற்றியது. அவள் ஒரு கேரியரில் சாய்ந்து நின்றாள். கண் செருகியது. போர்டு எழுந்துகொண்டது என்றான். பாரம் ஏத்திறன் என்றான், நான்கு கோரும் திணற, எழுதி எழுதி நகர்ந்து நகர்ந்து ஓடுகிற அந்தச் சோதனையை. கேட்பதற்கு ஒன்றுமில்லை, ஓடுகிற சிப்புக்குச் சத்தம் கிடையாது, ஆனாலும் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிற்கப்போகிறது, இப்போது நிற்கும், இதோ. ஒவ்வொரு இதோவும் கடந்து போனது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது, மேலே வெளிச்சம் ஆட, யாருடைய காலோ தூரத்தில் நீந்திப் போக. தேர்வு அறை, சற்குணம், தாள் எல்லாம் வேறு யாருக்கோ நேற்று நடந்ததுபோல ஆகியிருந்தது.

அழைப்பு மணி அடித்தது, அந்த வீட்டில். குகன் அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ பேசினான். "கொரியர்காரனைக் கோப்பி குடிக்கச் சொல்லியிருக்கிறன்" என்றான் திரும்பி வந்து. இன்னும் கொஞ்ச நேரம். ஒரு கரண்டி கோப்பையில் சுற்றுகிற சத்தம்.

"அக்கா, இந்தப் பாரத்தில இது ஒருநாளும் இவ்வளவு நேரம் தாங்கினதில்லை."

"ம்."

"அதுதான். கண்டுபிடிச்சிட்டியள்." அவன் விசைப்பலகையை இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "உங்கட பேரில இண்டைக்கே அனுப்பிறன். இனி மறுக்கேலாது இயங்குதளக்காரரால."

ஷெட்டின் முனையில் அலுவலக உதவியாளர் வந்து நின்றார். "மேடம், பிரின்சிபால் கூப்பிடுறாரு. உடனே வரச் சொன்னாரு." அவள் தலையசைத்தாள்.

"அவன் எழும்பிட்டான் அக்கா. இனிக் குடுக்கவேணும். நிப்பாட்டிப்போட்டுக் கழற்றட்டோ?"

"வேணாம்" என்றாள். "நிப்பாட்ட வேணாம் குகன். ஓடிக்கிட்டு இருக்கும்போதே வயரை எடுத்துடுங்க."

"ஓம்" என்றான். மரப்பலகையில் ஏதோ நகரும் சத்தம் கேட்டது, பிறகு சின்னதாக ஒரு க்ளிக். அவள் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு, உதவியாளரின் பின்னால் வெயிலில் நடந்தாள்.